போர் சிமுலேட்டருக்குள் வந்த சுமைதூக்கி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 946 மில்லிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். சாலையும் ரயிலும் கைவிட்ட அந்த ஊர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் ஹெலிகாப்டரில்தான் வந்தன. ஓடுதளம் இல்லாத இடத்துக்குச் சுமையோடு போய்ச் சேர்ந்து, சுமையை இறக்கிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புவது என்பது எவ்வளவு பெரிய வேலை என்று தென்மாவட்டங்கள் அப்போது நேரில் பார்த்தன.

கணினியில் போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள் அந்த வேலையை வெகுகாலம் ஓரத்திலேயே வைத்திருந்தன. இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் 'டிசிஎஸ் வேர்ல்டு' சிமுலேட்டரையே எடுத்துக்கொள்ளலாம். ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 2008-ல் கா-50 தாக்குதல் ஹெலிகாப்டரை வெளியிட்டது. 2013-ல் அமெரிக்காவின் யுஎச்-1 ஹியூயும் ரஷ்யாவின் மி-8-ம் வந்தன. 2021-ல் மி-24, 2022-ல் அப்பாச்சி என்று சுடும் ரகங்கள் தொடர்ந்தன. 2024 ஜூலையில்தான் சிஎச்-47எஃப் சினூக் களத்துக்கு வந்தது, அதுவும் முழுமையடையும் முன்பே விற்பனைக்கு வரும் முன்னோட்டப் பதிப்பாக. இரண்டு பெரிய சுழலிகள், பேருந்து நீளத்துக்கு ஒரு சரக்கறை, பின்னால் இறங்கும் சாய்தளம். தற்காப்புக்குக் கதவோரத் துப்பாக்கிகள் உண்டு, ஏவுகணை கிடையாது.

இப்படி ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் விளையாடுகிறவர்களிடம் முன்பே இருந்தது. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் களங்களில் மி-8-ஐ வைத்துக்கொண்டு பெட்டி தூக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினால் அங்கே ஒரு வான்பாதுகாப்பு நிலையமோ எரிபொருள் முகாமோ எழும்படி அவர்களே நிரல் எழுதிக்கொண்டார்கள். சினூக்கோடு சேர்ந்து சரக்கு ஏற்றி இறக்கும் ஏற்பாடு சிமுலேட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு தளத்துக் கிடங்கிலிருந்து வெடிபொருளையோ எரிபொருளையோ எடுத்துப்போய் இன்னொரு தளத்தில் சேர்த்தால் அங்கே இருப்பு கூடும். முன்னணித் தளத்தில் குண்டு தீர்ந்துபோன போர் விமானி, சுமை கொண்டு வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் கணக்கே இதில் மாறிவிடுகிறது.

ஒரு வானூர்தியைக் கணினிக்குள் கொண்டுவருவதில் வடிவத்தையும் ஒலியையும் அமைப்பது எளிய பகுதி. சினூக்கில் கடினமான பகுதி அதன் பறக்கும் முறை.

சாதாரண ஹெலிகாப்டரில் மேலே ஒரு பெரிய சுழலி இருக்கும். அது ஒரு பக்கம் சுழலும்போது உடற்பகுதி எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பதே வாலில் உள்ள சிறு சுழலியின் வேலை. சினூக்கில் வால் சுழலி இல்லை. முன்னே ஒன்று, பின்னே ஒன்று என 18 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டம் கொண்ட இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்றன் இறக்கைகள் மற்றதன் வட்டத்துக்குள் புகுந்து வெளியேறும். அவை மோதாமல் காப்பது இரண்டையும் பிணைத்திருக்கும் ஒரு நீண்ட தண்டு. எந்திரத்தின் சக்தியில் வாலுக்கென்று பங்கு போவதில்லை, எல்லாமே தூக்குவதற்குத்தான். விமானி மூக்கை உயர்த்த நினைத்தால் முன் சுழலியின் தூக்குவிசை கூடும், பின் சுழலியுடையது குறையும். பெடலை மிதித்தால் முன் சுழலி ஒரு பக்கமும் பின் சுழலி மறுபக்கமும் சாயும், ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே திரும்பும். ஒற்றைச் சுழலிக்கு எழுதி வைத்த கணக்கை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. முன் சுழலி கலக்கிவிட்ட காற்றில்தான் பின் சுழலி வேலை செய்கிறது என்பதையும் நிரலாளர் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அடுத்தது எடை. சினூக் எடுத்துச் செல்லக்கூடிய மொத்த எடை, தன் சொந்த எடையும் சேர்த்து, 22,680 கிலோ. வயிற்றுக்கு அடியில் மூன்று கொக்கிகள் உள்ளன. நடுக்கொக்கி மட்டுமே 11 டன்னுக்கு மேல் தாங்கும். அந்தக் கொக்கியில் ஒரு பெட்டியைக் கட்டித் தூக்கிப் பார்த்தால்தான் சிமுலேட்டர் எவ்வளவு நேர்மையானது என்பது தெரியும்.

தொங்கும் சுமை கிணற்று வாளி போல ஆடும். 10 மீட்டர் கயிறு என்றால் போய்த் திரும்ப 6 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். புதிதாகப் பழகுகிறவர் சுமை இடப்பக்கம் போகும்போது பதறிப்போய்க் கட்டுப்பாட்டுப் பிடியைச் சாய்க்கிறார். ஹெலிகாப்டர் நகர்வதற்குள் சுமை வலப்பக்கம் திரும்பியிருக்கும். அவர் மறுபடி திருத்துகிறார். நான்காவது திருத்தத்தில் ஆட்டம் இரண்டு மடங்காகிவிடும், திருத்தமே ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. அனுபவசாலி கையை அசைக்காமல் ஓர் ஆட்டத்தைக் கடக்க விடுவார், பிறகு சுமை போகும் பக்கமே மெல்ல நகர்ந்து அதன் மேலே போய் நிற்பார். அதற்கும் அடங்காவிட்டால் கொக்கியைத் திறந்துவிட வேண்டியதுதான்.

இது விளையாட்டுக்காக எழுதிய நிலைமை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31 அன்று கேதார்நாத்தில் பழுதாகி நின்ற ஒரு தனியார் ஹெலிகாப்டரை விமானப்படையின் மி-17 கயிற்றில் கட்டித் தூக்கிச் சென்றது. சிறிது தூரத்திலேயே சுமை நிலைதடுமாறத் தொடங்கியது. விமானி ஆளில்லாத இடம் பார்த்து அதைக் கழற்றிவிட்டார். பள்ளத்தாக்கில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது, மற்றது தன் ஆட்களோடு பத்திரமாகத் திரும்பியது. எவருக்கும் காயமில்லை. அந்த முடிவை எடுக்கச் சில விநாடிகள்தான் இருந்திருக்கும்.

கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விடச் சுமார் 30 சதவீதம் குறைவு. சுழலி பற்றிக்கொள்ளக் காற்று இல்லாவிட்டால் எந்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தும் தூக்கும் அளவு குறைந்துவிடும். இமயமலையில் இந்தியாவுக்குப் பெரிய ஹெலிகாப்டர் தேவைப்பட்ட காரணம் இதுதான். 1980-களிலேயே 20 டன் தூக்கும் ரஷ்ய மி-26 இந்திய விமானப்படைக்கு வந்துவிட்டது. 2015 செப்டம்பரில் 15 சினூக்குகளுக்கு ஒப்பந்தமானது. 2019 மார்ச் 25 அன்று சண்டிகரில் அவற்றில் முதல் நான்கு முறைப்படி படையில் சேர்ந்தன. ஏற்றுக்கொண்டது மி-26-களை ஓட்டிவந்த அதே 126-வது ஹெலிகாப்டர் பிரிவு. வடகிழக்குக்கு அசாமின் மோகன்பாரியில் இன்னொரு பிரிவு. எம்-777 என்ற இலகு ரகப் பீரங்கியைக் கயிற்றில் தொங்கவிட்டு, சாலை எட்டாத மலைமுகட்டில் இறக்குவது இவற்றின் வேலைகளில் ஒன்று. அந்தப் பீரங்கியின் எடை 4 டன்னுக்கு மேல்.

சுமை தூக்குகிறவர் போரின் திசையைத் திருப்பிய கதைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1971 டிசம்பரில் மேக்னா ஆற்றின் பாலம் தகர்க்கப்பட்டதும் லெப்டினன்ட் ஜெனரல் சாகத் சிங் பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. மி-4 ஹெலிகாப்டர்களில் சிறு சிறு குழுவாகத் தன் படையை அகன்ற ஆற்றின் மறுகரைக்குக் கடத்தினார். டாக்காவின் கதவு அதில்தான் திறந்தது. 1982 ஃபாக்லாந்துப் போரில் இதன் மறுபக்கம் தெரிந்தது. அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தபோது பிரிட்டனின் மூன்று சினூக்குகள் அதோடு போயின. மிஞ்சிய ஒரே சினூக்கான 'பிராவோ நவம்பர்' ஒரு நடையில் 81 வீரர்களை ஏற்றிச் சென்றது. மற்றவர்களில் பலர் தீவின் சதுப்பு நிலத்தைக் கால்நடையாகக் கடந்தார்கள்.

யாழ்ப்பாணத்து நிகழ்வைத் தமிழ் வாசகர் கனத்த மனதோடுதான் படிக்க முடியும். 1987 அக்டோபர் 11 நள்ளிரவில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் மி-8 ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கியது. கீழிருந்து வந்த குண்டுகளில் ஹெலிகாப்டர்கள் சேதமடைந்தன, அடுத்தடுத்த நடைகள் நின்றுபோயின. அதற்குள் இறங்கிவிட்ட சீக்கிய இலகு காலாட்படைக் குழுவின் 30 பேர் தனித்துவிடப்பட்டனர். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். போக்குவரத்து ஹெலிகாப்டர் இறங்கும் அந்த அரை நிமிடத்தில் அதைப் போல் எளிதான இலக்கு வேறில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிப் போன ஹெலிகாப்டர் வராவிட்டால், இறங்கியவர்களுக்கு வேறு வழியும் இல்லை. போர் சிமுலேட்டரில் சுமைதூக்கி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. சுடுவது மட்டுமே இருக்கும் ஆட்டத்தில் போரின் இந்தப் பகுதி மறைந்தே போகிறது.

எதிரியே இல்லாமலும் ஹெலிகாப்டர் விழும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து 11.48-க்குப் புறப்பட்ட மி-17, 12.15-க்கு வெலிங்டன் போய்ச் சேர வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரையும் நாடு இழந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்ததே காரணம் என்று விசாரணை கூறியது. திரையில் மேகத்துக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். வெளியே எல்லாம் வெள்ளை. உடல் நேராக இருப்பதாகத் தோன்றும், கருவியோ வலப்பக்கம் 20 டிகிரி சாய்ந்திருப்பதாகக் காட்டும். எதை நம்புவது? கருவியைத்தான் நம்ப வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. கை கேட்க மறுக்கும். நாற்காலியில் அமர்ந்து ஆடுகிறவருக்கு உள்காதின் மயக்கம் இல்லை என்பதால் சிமுலேட்டர் காட்டுவது உண்மையின் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியே பயமுறுத்தப் போதும்.

புழுதியும் அப்படித்தான். காய்ந்த வயலில் சினூக் இறங்கும்போது கீழே வீசும் காற்று, கடைசிச் சில மீட்டரில் தரையையே மறைத்துவிடும். முன்கூட்டியே ஒரு கல்லையோ மரத்தையோ குறித்துவைத்து, பக்கவாட்டு நகர்வு துளியும் இல்லாமல் இறங்க வேண்டும். சீக்கிரம் இறங்கினால் தேவலை என்று வேகத்தைக் கூட்டினால், தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் அமிழ்ந்து, தூக்குவிசை கரைந்துபோகும்.

டிசிஎஸ் தரும் களங்களில் காகசஸ், சிரியா, ஆப்கானிஸ்தான், தென் அட்லாண்டிக் எல்லாம் உண்டு, இந்தியா இல்லை. கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகள் தங்கள் மலை மேல் பறக்க வேறு சிமுலேட்டருக்குப் போக வேண்டும். உலகம் முழுவதையும் தரும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2024 பதிப்பில் சினூக்கின் சிஎச்-47டி வகை இருக்கிறது, கல்வராயன் மலையும் இருக்கிறது. போர் அங்கே இல்லை. மலை, வெயில், எடை மூன்றும் இருக்கின்றன. மே மாத நண்பகலில் 1,000 மீட்டர் உயரத்தில் 35 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரி கடல்மட்டக் காற்றை விட அங்கே அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். காலையில் சுலபமாகத் தூக்கிய சுமை மதியத்தில் ஏன் முரண்டுபிடிக்கிறது என்று பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் மாணவர் அங்கே தானே கண்டுபிடிப்பார்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கேம் உருவாக்கம் படிக்கிறவர்கள் இதில் ஒரு வேலையைக் கையில் எடுக்கலாம். 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தின் உண்மையான நீர்மட்டம், ஸ்ரீவைகுண்டம் நிலையம், சூலூரிலிருந்து வரும் பாதை, கொண்டுபோக வேண்டிய உணவின் எடை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மீட்புப் பயிற்சியை உருவாக்கலாம். இருக்கும் சிமுலேட்டர்களுக்குள்ளேயே இப்படிப் பயணங்களை அமைக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

பழகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசைப்பலகையை வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் ஓட்ட முயல வேண்டாம், சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றாவது வேண்டும். முதலில் சுமையில்லாமல் தரையிலிருந்து 3 மீட்டரில் அசையாமல் நிற்கப் பழகுங்கள். அது கைவந்த பிறகு இலகுவான பெட்டி ஒன்றைக் கொக்கியில் மாட்டுங்கள். சண்டைக் களத்துக்கு அதற்கப்புறம் போகலாம்.