வேர் பூத்த ரோஜா

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. போன கார்த்திகை மழையில் என் மஞ்சள் ஒட்டு ரோஜா நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து பட்டுப்போனது. பிடுங்கிப் போடச் சோம்பல். மாசியில் பார்த்தால் அடியிலிருந்து புதுக்கிளை, அதில் கொத்தாக இளஞ்சிவப்புப் பூக்கள்! நான் வாய் பிளந்து நிற்க, பூ விற்கும் அம்மா வேலிக்கு வெளியிலிருந்தே சொன்னார்: "ஒட்டுதான் செத்துச்சு தம்பி. இது எட்வர்டு. வேருலேருந்து பூத்திருக்கு."

இந்திய நர்சரிகள் நெடுங்காலமாக ஒட்டுக்கட்டப் பயன்படுத்தும் வேர்ச்செடிகளில் எட்வர்டு ரோஜாவும் ஒன்று. ஆங்கிலேய மன்னர் பெயர் என்றே நினைத்திருந்தேன். இல்லை, 'ரோஸ் எதுவார்' என்ற பிரெஞ்சுப் பெயர் நம் வாயில் எட்வர்டு ஆகியிருக்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்குப் பின்னாளில் தமிழர்கள் கப்பலேறிய ரீயூனியன் தீவுதான் இதன் ஊர். அன்று அதற்குப் போர்போன் என்று பெயர். வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து பிறந்தது என்பது பரவலான கருத்து. 1819 வாக்கில் பிரியோன் என்ற தாவரவியலாளர் இதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்ப, போர்போன் ரோஜாக் குடும்பமே அங்கு உருவானது.

எட்வர்டைவிடப் புதிய ரகங்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000-இல் சந்தைக்கு வந்த 'நாக் அவுட்' நோய் தாங்கும் புதர் ரோஜாவாகக் கொண்டாடப்படுகிறது. நம் பக்கத்திலும் கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி, நீர் தேங்கிய நிலத்திலும் வளரும் இந்தியக் காட்டு ரோஜாவான கிளினோபில்லாவைக் கலந்து வெப்ப நாட்டுக்கேற்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவை கைக்கு எட்டும்வரை எனக்கு எட்வர்டே போதும்.

இதற்கும் கரும்புள்ளி நோய் வரும். இலை ஏழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சைக்குப் போதும். ஐப்பசியில் நமக்கு நாள் முழுக்க ஈரம்தான். இலை கொட்டும், பிறகு மளமளவென்று துளிர்க்கும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலின் காரத்தையும் ஓரளவு தாங்கும். இருந்தாலும் ஒன்றரை அடிக் குழி எடுத்து, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் போட்டு நடுவதே நல்லது. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை வெளிறினால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். உப்புக் காற்று நேராக அடிக்காதபடி சுவரோரமாக நடுங்கள். காலையில் வேரில் மட்டும் தண்ணீர்.

கவாத்தை அக்டோபரிலேயே தொடங்கலாம் என்பார்கள். ஆனால் இங்கே அப்போது மழைக்காலம். வெட்டுவாயில் மழைநீர் இறங்கினால் நுனிக்கருகல்தான் வரும். இந்தக் கரையில் மழை ஓய்ந்தபின் வெட்டி, போர்டோ பசை தடவுவதே என் வழக்கம்.

ஒரு குறை: பூ பறித்த மறுநாளே இதழ் உதிரும். ஜாடிக்கு ஆகாது, பூஜைக்கும் தலைக்கும் ஆகும். நர்சரிக்குப் போகவே வேண்டாம். பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி இருந்தால் வேர்விட்டுவிடும். தை பிறந்ததும் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், கவாத்து செய்த குச்சியைக் குப்பையில்தான் போட்டிருப்பார்கள்.