வீடு உள்ளே, வயல் வெளியே



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பச்சை மலை, அதன் அடியில் நீலக் கடல், நடுவில் ஒரு சின்னக் கிராமம்.

“வாத்தியாரே, இது இந்தோனேசியாவிலே புளோரஸ் தீவாம். ஒரு ஏக்கர் நிலம் தர்றேங்கிறாங்க. அந்த ஊர்க்காரன் பேர்லே பத்திரம் எழுதிட்டு, நமக்குத் தனியா ஒரு கடுதாசி தருவாங்களாம். ஐந்நூறு வெள்ளி முன்பணம் கொடுத்துட்டேன். மிச்சத்தை மாசக் கடைசிக்குள்ளே கட்டணும். சேமநிதிப் பணம் இருக்கு. நீங்க அந்தப் பக்கம் போய் வந்தவராச்சே, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

“அண்ணே, அவ்வளவு தூரத்திலே உங்களுக்கு எதுக்கு நிலம்?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் பிறந்தது லயத்து வீடு. கல்யாணம் பண்ணினது லயத்து வீடு. அடுத்த வருசம் அதைக் காலி பண்ணணும். யாரும் வந்து ‘காலி பண்ணு’ன்னு சொல்ல முடியாத ஒரு இடம் வேணும் வாத்தியாரே. அவ்வளவுதான்.”

இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வாசகர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையை நினைத்துக் கொண்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், ஆசிரிய நண்பர்கள் இருவருடன் அந்தத் தீவின் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய் வந்தேன். அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், நிலம் யாருக்குச் சொந்தம், நாம் போய் வர முடியுமா என்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று மணி நேர ஏற்றம்

பாலி, லொம்போக், சும்பாவா என்று கிழக்கு நோக்கிப் போகும் தீவு வரிசையில் அடுத்த பெரிய தீவு புளோரஸ். போர்த்துக்கீசியர் வைத்த பெயர்; ‘மலர்கள்’ என்று பொருள். தீவின் மேற்குப் பகுதியில் வாழ்பவர்கள் மங்காராய் மக்கள். மேற்குக் கோடியில் லாபுவான் பாஜோ என்னும் துறைமுகப் பட்டணம் இருக்கிறது. கொமோடோ என்னும் ராட்சத உடும்புகளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கிருந்துதான் படகேறுகிறார்கள். 1980இல் கொமோடோ தேசியப் பூங்கா அமைந்தது. 1991இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 2023 மே மாதம் ஆசியான் தலைவர்கள் இந்தச் சிறு பட்டணத்தில்தான் கூடிப் பேசினார்கள். இவ்வளவு பெயர் வந்துவிட்டால் நிலத்தின் விலை சும்மா இருக்குமா? தரகர்களின் கண் அந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுவே.

லாபுவான் பாஜோவிலிருந்து மலைப் பாதையில் அரை நாள் வண்டியில் போனால் டெங்கே என்னும் ஊர் வரும். அதற்கப்பால் வாகனப் பாதை நெடுந்தூரம் இல்லை, நடைதான். காட்டுக்குள் ஏறக்குறைய மூன்று மணி நேர ஏற்றம். காலையில் ஐந்நூறு மரம் வெட்டிப் பழகிய கால்களுக்கு அது பெரிதல்ல. கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவே நடந்து பழகிய என் கால்கள்தாம் கெஞ்சின! காப்பிச் செடிகள் தெரிய ஆரம்பித்ததும் கிராமம் வந்துவிட்டது என்று வழிகாட்டி சொன்னார். அவ்வூரின் பெயர் வாயே ரெபோ. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர். நம் கேமரன் மலை ரிங்லெட் அளவு உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழையுமுன் ஒரு மூங்கில் கட்டையைத் தட்டி, விருந்தாளி வந்திருப்பதாகத் தெரிவிக்க வேண்டும். பிறகு நேரே பெரிய வீட்டுக்குப் போய் ஊர்ப் பெரியவர் முன் உட்கார வேண்டும். அவர் முன்னோர்களிடம் நம் வருகையைச் சொல்லி, நமக்காக வேண்டிக்கொள்கிறார். அதுவரை படம் எடுக்கக் கூடாது. மக்கள் கத்தோலிக்கர்கள், ஆயினும் முன்னோர் வழிபாட்டை விடவில்லை. முற்றத்தின் நடுவில் வட்டமாகக் கல் அடுக்கிய பலிபீடம் இருக்கிறது. முனியாண்டி கோயில் மேடையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் வியப்பு ஏதும் தோன்றவில்லை.

ஏழு கூரைகள்

முற்றத்தைச் சுற்றி ஏழே ஏழு வீடுகள். கூம்பு வடிவம், கூரை உச்சியிலிருந்து ஏறக்குறையத் தரை வரை இறங்கி நிற்கிறது. லாலான் புல்லும் பனை நாரும் வேய்ந்தவை. நாம் களைக்கொல்லி அடித்து விரட்டுகிற அதே லாலான் அங்கே ஒரு குடும்பத்தை மழையிலிருந்து காக்கிறது.

உள்ளே ஐந்து தட்டுகள். கீழ்த்தட்டில் மக்கள் வாழ்கிறார்கள். இரண்டாவதில் உணவும் சாமான்களும். மூன்றாவதில் அடுத்த பயிருக்கான விதை. நான்காவதில் பஞ்ச காலத்துக்கென ஒதுக்கிய தானியம். எல்லாவற்றுக்கும் மேல் ஐந்தாவதில் முன்னோர்களுக்குப் படையல். இன்றைய சோறு, நாளைய விதை, மறுநாளைய பஞ்சம் எல்லாவற்றுக்கும் ஒரே கூரைக்குள் இடம் வைத்திருக்கிறார்கள். பெரிய வீட்டில் எட்டுக் குடும்பங்கள் ஒன்றாக இருக்கின்றன. ஊரின் முரசுகளும் அங்கேதான் தொங்குகின்றன.

இந்த வீடுகளும் ஒரு காலத்தில் அழிய இருந்தவைதாம். 2008இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோரி அந்தார் தம் குழுவினருடன் அங்கே போனபோது ஏழில் நான்கே மிஞ்சியிருந்தன. நன்கொடை திரட்டினார்கள். வெளியிலிருந்து கொத்தனாரைக் கூட்டி வரவில்லை. ஊரார் தாங்களே கட்டினார்கள். முதியவர்கள் சொல்லிக் கொடுக்க, இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் ஏழு வீடுகளும் மீண்டும் எழுந்தன. 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் உயர்ந்த விருது அந்த ஊருக்குக் கிடைத்தது.

படத்தில் தெரியாதவை

அழகைச் சொன்னேன், கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அந்த மக்களுக்குக் காப்பிதான் பிழைப்பு. காப்பி மூட்டையை முதுகில் சுமந்து கீழே இறக்கி விற்று, அரிசியை முதுகில் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். நாங்கள் தங்கிய இரவில் விளக்கு சில மணி நேரமே எரிந்தது. தொலைபேசிக் கோடு கிடைக்கவில்லை. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் அந்தக் காட்டுப் பாதையில் சுமந்துதான் இறக்க வேண்டும்.

ஆசிரியன் அல்லவா? என் கண் பள்ளிக்கூடத்தைத் தேடியது. மேலே பள்ளி இல்லை. பிள்ளைகள் கீழே கொம்போ என்னும் ஊரில் தங்கிப் படிக்கிறார்கள். அதனால் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்கின்றன. மேலே ஒரு அடுப்பு, கீழே ஒரு அடுப்பு. தறியில் உட்கார்ந்திருந்த ஒரு தாயிடம், “பிள்ளைகள் எப்போது வருவார்கள்?” என்று மலாயில் கேட்டேன். “விடுமுறைக்கு” என்றார். “படித்து முடித்த பிறகு?” என்றேன். அவர் சிரித்துவிட்டு நூலை இழுத்தார். நம் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போன பிள்ளைகளின் தாய்மாரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

சிலந்தி வலை வயல்

இனி நிலத்துக்கு வருவோம். ரூத்தேங் நகருக்கு அருகே சான்சார் என்னும் ஊரில் ஒரு குன்றின் மேல் ஏறிப் பார்த்தால், கீழே வயல்கள் பிரம்மாண்டமான சிலந்தி வலைபோல் தெரிகின்றன. சதுர வயல்களைப் பார்த்தே பழகிய நமக்கு அது புதுமையான காட்சி.

விஷயம் இதுதான். குலத்தின் நிலத்துக்கு லிங்கோ என்று பெயர். நடுவில் ஒரு மரக்கட்டையை நட்டு, அங்கிருந்து வெளி எல்லை வரை, அப்பத்தைக் கீறுவது போல் பங்கு பிரிக்கிறார்கள். நடுவில் விரல் அகலக் கணக்கில் அளந்தால், எல்லைக்குப் போகப் போகப் பங்கு விரிந்துவிடும். யாருக்கு எத்தனை விரல் என்பதைக் குலத்தின் நிலத் தலைவர் தீர்மானிக்கிறார்.

மங்காராய் மக்களிடையே ஒரு பழமொழி உண்டு. முரசு வீடு உள்ளே, லிங்கோ வயல் வெளியே என்பது அதன் கருத்து. முரசு வீட்டைச் சேர்ந்தவனுக்கு வயலில் பங்கு உண்டு. வயலில் பங்குள்ளவன் முரசு வீட்டைச் சேர்ந்தவன். வீடும் நிலமும் ஒன்றையொன்று பிடித்துக் கொண்டிருக்கின்றன. நம் லயத்திலும் ஒரு கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்ந்தோம். ஆனால் நம் வீடு வேலையைப் பிடித்துக் கொண்டிருந்தது. வேலை போனதும் வீடும் போயிற்று.

இன்று பல இடங்களில் தனித்தனிக் கிராண்டும் வந்துவிட்டது, விற்பனையும் நடக்கிறது. ஆனால் ஒருவர் விற்ற நிலத்தில் அவருடைய குலம் முழுவதும் உரிமை கேட்டு நிற்கக்கூடும். லாபுவான் பாஜோ பக்கம் இப்படிப்பட்ட வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

சட்டம் சொல்வது

இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். அதன் 21ஆம் பிரிவின்படி ‘ஹாக் மிலிக்’ என்னும் முழுச் சொத்துரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உண்டு. மலேசியரோ சிங்கப்பூரரோ அதை வைத்திருக்க முடியாது. அங்கே முறைப்படி அனுமதி பெற்றுத் தங்குகிற வெளிநாட்டவருக்கு ‘ஹாக் பாக்காய்’ என்னும் பயன்படுத்தும் உரிமை கிடைக்கலாம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் காலம் 30 ஆண்டு. பின்பு 20 ஆண்டு நீட்டிப்பு, அதன்பின் 30 ஆண்டு புதுப்பிப்பு. எப்படிக் கணக்குப் பார்த்தாலும் அது குத்தகை போன்றதே.

“ஊர்க்காரன் பேரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்” என்கிறார்களே, அது என்ன? மண்டோர் அண்ணனிடம் அவருடைய மகளைக் கூப்பிடச் சொன்னேன். ஐந்தாம் படிவம் முடித்த பெண். கைப்பேசியில் அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவை எடுத்துக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். இந்தோனேசிய மொழிதான், ஆனால் நம் பள்ளியில் படிக்கிற மலாயே அதற்குப் போதும். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றுவழியிலோ முழுச் சொத்துரிமையை மாற்றிக் கொடுக்கும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசாங்கத்தைச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. இவைதாம் அங்கே இருக்கும் மூன்று செய்திகள். மூன்றாவதைப் படித்ததும் பெண் நிறுத்திவிட்டாள்.

“அப்பா, பணமும் வராதாம்” என்றாள்.

அண்ணன் கைப்பேசியை வாங்கி அந்த நீலக் கடல் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பார்க்கப் போகலாமா?

தாராளமாகப் போகலாம்! ஆசியான் நாட்டவரான நமக்குச் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாலி அல்லது ஜகார்த்தா வரை ஒரு விமானம், அங்கிருந்து லாபுவான் பாஜோவுக்கு உள்நாட்டு விமானம் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை பாதை காய்ந்திருக்கும். ஆண்டுக் கடைசி மழையில் வழுக்கும், அட்டையும் ஏறும். ரொக்கமாக ரூப்பியா வைத்துக்கொள்ளுங்கள். மலை மேல் வங்கி கிடையாது. ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள். அந்தக் கூலி அந்த ஊருக்கே போகும். இரவில் குளிரும், கம்பளிச் சட்டை அவசியம். தங்குவது வட்ட வீட்டில், எல்லாரும் ஒரே தரையில், பாய் விரித்து. காலையில் ஊராரே பறித்து வறுத்த காப்பி கிடைக்கும். அந்த மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஏற்றம் முடியாது என்றால் சான்சார் குன்றுக்குப் போய் அந்த வலை வயலைப் பாருங்கள். அங்கே ஏறும் தூரம் குறைவு.

கடைசியாக ஒன்று

மண்டோர் அண்ணன் மிச்சப் பணத்தைக் கட்டவில்லை. கொடுத்த ஐந்நூறு வெள்ளி போனது போனதுதான். அந்தத் தரகரின் தொலைபேசி இப்போது அடிப்பதே இல்லை. அண்ணனும் இன்னும் மூன்று குடும்பங்களும் சேர்ந்து பக்கத்துப் பட்டணத்தில் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். பாரத்தை நிரப்பியது அந்தப் பெண்தான். பதில் இன்னும் வரவில்லை. வருமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

நம்மிடமும் ஒரு காலத்தில் ஒரு லிங்கோ உருவானது என்பதை இளைய வாசகர்கள் அறிய வேண்டும். 1960இல், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற நேரத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். தனித்தனியே நின்றால் நம் பங்கு ஒரு விரல் அகலம்தான். சேர்ந்து நின்ற இடத்தில் அது விரிந்தது.

ஆகவே அன்பர்களே, யாராவது அழகான படத்தைக் காட்டி உங்கள் சேமநிதியைக் கேட்டால், கையெழுத்துப் போடுமுன் அந்தக் கடுதாசியை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்துப் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் பரவாயில்லை. எந்தப் பள்ளியிலும் உங்களுக்காகப் படித்துச் சொல்ல ஓர் ஆசிரியர் இருப்பார்.