வழியும் வேலைத்தலமே

கண்டி வீதி வழியே யாழ்ப்பாணஞ் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நில்லாமற் செல்வது அரிது. சாரதி தேங்காய் உடைப்பார். பிரயாணிகள் கச்சான் வாங்குவார்கள். வழித்துணையாக இறைவனை வேண்டுதல் நம் மரபு. ஆனால், வழியில் விபத்து நேர்ந்துவிட்டால் அதன் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்று தீர்மானிப்பது சட்டம். அச்சட்டம் மாறினால் நமது பாதுகாப்பும் மாறும் என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, காயமுற்றவர் நட்டஈடு பெறுவதற்கு எதிராளியின் கவனக்குறைவை நிரூபித்தல் வேண்டும். கூலிக்கு உழைப்பவர் தம் முதலாளிக்கு எதிராகச் சாட்சி தேடி வழக்காடுவது எளிதோ? இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டிலும், இலங்கையில் 1934ஆம் ஆண்டிலும் பிறந்த வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டங்கள் இத்தடையை நீக்கின. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நேர்ந்ததெனக் காட்டினாற் போதும். முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை.

எனினும், அக்காவல் பெரும்பாலும் வேலைத்தலத்தின் வாயிலோடு நின்றது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே அதனை வீதிக்குக் கொணர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லுங்காலும் திரும்புங்காலும் நேரும் விபத்துக்கும் இன்று நட்டஈடு உண்டு. அதன் உச்சத் தொகையும் 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது.

வன்னி மக்களுக்கு இது சிறு செய்தியன்று. இங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் வயலும் நீண்டு கிடக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்கள் தூரத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறுகிறார்கள். இருளில், வீதியிற் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளும் ஆபத்தே. நட்டம் தம்மைச் சாரும் என்றறிந்த முதலாளி, பஸ்ஸின் தடுப்புக் கருவி சரியா, சாரதி உறங்கினாரா, மிதிபலகையில் ஆட்கள் தொங்குகின்றனரா என்று விசாரிக்கத் தலைப்படுவார். அவ்விசாரணையால் அதே வீதியிற் பள்ளி செல்லும் சிறுவனும் காக்கப்படுகிறான்.

ஆயினும், தன் வயலில் உழைக்கும் விவசாயிக்கு இச்சட்டம் துணைவராது. உரிமை பெற்றவரும் கேளாதிருந்தால் சட்டம் உறங்கிவிடும். விபத்து நேர்ந்தால் முதலாளிக்கு உடனே எழுத்தில் அறிவித்தலும், வைத்தியச் சான்றிதழைப் பேணுதலும் அவசியம். மாணவர்களே, உங்கள் வீட்டில் வேலைக்குச் செல்லும் தாய்க்கும் தமக்கைக்கும் இன்றிரவே இதனை எடுத்துரையுங்கள். ஒருவர் கேட்டுப் பெறும் நட்டஈடு, மற்றொருவருக்கு வரவிருக்கும் விபத்தைத் தடுக்கவுங் கூடும்.