எஞ்சினை மாத்தினா போதுமா? மூணு பழைய ஐரோப்பிய செடான்கள் சொல்ற பதில்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எண்பதுகள், தொண்ணூறுகள்ல வந்த ஐரோப்பிய பெர்ஃபார்மன்ஸ் செடான்கள்ல எது பெஸ்ட்? சுத்தி வளைக்காம ஒரே ஒரு பேர் சொல்லுங்க."

ஒரு பேர் சொல்றேன். ஆனா கடைசியில. அதுக்கு முன்னாடி ஒண்ணை ஒத்துக்கிறேன்: இன்னைக்குப் பேசப்போற மூணு காரையும் நான் ஓட்டினது இல்ல. அதனால "ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கும்"னு எல்லாம் கதை விடமாட்டேன். அந்தக் காரைச் செஞ்சவங்க என்ன முடிவு எடுத்தாங்க, ஏன் எடுத்தாங்க, இது ரெண்டையும்தான் பார்க்கப் போறோம்.

சின்ன வயசுல ட்ரம்ப் கார்டு விளையாடியிருப்பீங்க. கார் படம் போட்ட சீட்டு. யார் கையில டாப் ஸ்பீடு அதிகமோ, சீட்டு அவங்களுக்கு. காலேஜ் முடிக்கிற வரைக்கும் நான் கார்களை அப்படித்தான் பார்த்தேன். அதை மாத்தினது ஒரு ஏற்காடு ட்ரிப்.

நண்பன் ஒருத்தன் செகண்ட் ஹேண்டுல ஒரு டீசல் செடான் வாங்கி ரீமேப் பண்ணியிருந்தான். அதாவது எஞ்சினோட கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவரை ஏத்துறது. ஏறும்போது சூப்பரா ஏறுச்சு. சேலம் பக்கம் இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நடுவுல முறுக்கிட்டுப் போறது, வளைவு வந்ததும் அழுத்திப் பிரேக் அடிக்கிறது. பாதி இறங்கியிருப்போம், "மச்சி, பெடல் உள்ள போகுதுடா"ன்னான். குரலே மாறிடுச்சு. செகண்ட் கியர் போட்டு, எஞ்சினை வெச்சே வேகத்தைக் குறைச்சு, மலைச்சுவர் ஓரமா நிறுத்தினான். சக்கரத்துக்கிட்ட போனா கருகின வாசனை. பிரேக் ஆயில் கொதிச்சிருச்சு. யாருக்கும் எதுவும் ஆகல. ஆனா அன்னைக்கு ஒரு விஷயம் மண்டையில ஏறுச்சு: அவன் எஞ்சினை மட்டும்தான் மாத்தியிருந்தான்.

அதனால இப்ப எந்த வேகமான செடானைப் பார்த்தாலும் முதல்ல எனக்கு வர்ற கேள்வி, "எவ்வளவு பவர்?" இல்ல. "இவ்வளவு பவருக்காக வேற என்னத்தையெல்லாம் மாத்தினாங்க?" இந்தக் கேள்வியோட மூணு காரைப் பார்ப்போம்.

ஒண்ணு: பி.எம்.டபிள்யூ எம்5, 1985

1978-ல பி.எம்.டபிள்யூ 'எம்1'னு ஒரு சூப்பர் கார் விட்டாங்க. எஞ்சின் டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற, ரேஸுக்காகப் பிறந்த கார். மொத்தமே 500-க்கும் குறைவாத்தான் செஞ்சாங்க. கார் நின்னுபோச்சு, ஆனா அந்த எஞ்சின் வீணாகல. அதுல மாற்றங்கள் பண்ணி, சாதாரண 5 சீரிஸ் செடானுக்குள்ள வெச்சு, 1985-ல ஆம்ஸ்டர்டாம் மோட்டார் ஷோவுல நிறுத்தினாங்க. அதுதான் முதல் எம்5.

3.5 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், 286 குதிரைத்திறன். இந்த எஞ்சின்ல ஒரு விசேஷம் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிச்சா எஞ்சினுக்குள்ள காத்தை விடற ஒரு சின்னக் கதவு திறக்கும். அதுதான் த்ராட்டில். சாதாரண பெட்ரோல் எஞ்சின்ல எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கதவு. இதுல ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனிக் கதவு. அதனால கால் அசைஞ்சதும் எஞ்சின் பதில் சொல்லும். ஆனா முழு பவர் வேணும்னா 6,500 ஆர்.பி.எம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். கியர்பாக்ஸும் 5 ஸ்பீடு மேனுவல் மட்டும்தான். சோம்பேறியா ஓட்டினா அந்த எஞ்சினோட சுயரூபம் தெரியாது.

வேற என்ன மாத்தினாங்க? சஸ்பென்ஷன், பிரேக், அப்புறம் ரெண்டு பின்சக்கரத்துக்கும் பவரைச் சரியாப் பங்கு போடற லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். எஞ்சினைக் கையாலதான் பொருத்தினாங்க. சுமார் 1,430 கிலோ எடை, மணிக்கு 245 கி.மீ. டாப் ஸ்பீடு. அன்னைக்கு உலகத்துலயே வேகமான நாலு கதவு கார்கள்ல ஒண்ணு. ஆனா தெருவுல நின்னா ஏதோ ஆடிட்டர் ஆபீஸுக்கு வந்த கார் மாதிரிதான் இருக்கும்.

ரெண்டு: மெர்சிடிஸ் பென்ஸ் 500ஈ, 1990

பேரைத் தமிழ்ல எழுதினா ஐநூறு ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும், சிரிக்காதீங்க.

மெர்சிடிஸ்கிட்ட அப்போ 'டபிள்யூ124'னு ஒரு செடான் இருந்துச்சு. உறுதிக்குப் பேர் போன, ஜெர்மனியில டாக்ஸியா ஓடின கார். அதுக்குள்ள 500 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரோட 5 லிட்டர் வி8 எஞ்சினை வைக்கணும். அந்த நேரம் மெர்சிடிஸ் இன்ஜினியர்கள் புது எஸ்-கிளாஸ் வேலையில மூழ்கியிருந்தாங்க. இன்னொரு பக்கம், போர்ஷே பணக் கஷ்டத்துல இருந்துச்சு. அவங்களுக்கு வேலை தேவை. 1988-ல இந்தப் பொறுப்பை போர்ஷேகிட்ட கொடுத்தாங்க.

இப்ப நம்ம கேள்வி. என்ன மாத்தினாங்க? முன்பக்க சஸ்பென்ஷனும் பிரேக்கும் எஸ்.எல்.லருந்து வந்துச்சு. டயர் அகலமாச்சு. அதுக்கு இடம் வேணும்னு சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு வெளியே புடைச்சு, பாடி 56 மில்லிமீட்டர் அகலமாச்சு. பேட்டரி டிக்கிக்குப் போச்சு. பின்னாடி மூணு பேர் உட்கார்ற சீட்டை எடுத்துட்டு ரெண்டு தனி சீட் போட்டாங்க.

அந்த 56 மில்லிமீட்டர்தான் தலைவலி ஆச்சு. மெர்சிடிஸோட அசெம்ப்ளி லைன்ல இந்த அகலம் போகல! அதனால சின்டல்ஃபிங்கன்ல இருக்கிற மெர்சிடிஸ் ஆலையிலிருந்து பாகங்கள் போர்ஷே இருக்கிற சுஃபன்ஹவுசனுக்குப் போகும். அங்க பாடி உருவாகும். பெயின்ட் அடிக்க மறுபடி சின்டல்ஃபிங்கன். எஞ்சின் பொருத்த மறுபடி சுஃபன்ஹவுசன். கடைசியில டெலிவரிக்கு சின்டல்ஃபிங்கன். ஒரு கார் முடிய 18 நாள்! 1995 வரைக்கும் இந்தக் குடும்பத்துல 10,479 கார் வந்துச்சு.

326 குதிரைத்திறன், 480 நியூட்டன் மீட்டர் டார்க். எம்5-ல 340 தான். அதாவது எம்5 மாதிரி எஞ்சினை உச்சத்துக்கு விரட்டாமலே இது இழுக்கும். ஆனா எடை சுமார் 1,700 கிலோ, கியர்பாக்ஸ் 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் மட்டும். டாப் ஸ்பீடு 250-ல எலெக்ட்ரானிக்கா நிறுத்தப்பட்டிருக்கும்.

மூணு: லோட்டஸ் கார்ல்டன், 1990

இது ட்ரம்ப் கார்டு பசங்களோட கனவு. ஜெர்மனியில ஓப்பல் ஒமேகா, பிரிட்டன்ல வாக்ஸ்ஹால் கார்ல்டன்னு வித்த சாதாரண குடும்பக் கார். ரெண்டு பிராண்டும் அப்போ ஜெனரல் மோட்டார்ஸ்கிட்ட இருந்துச்சு. 1986-ல லோட்டஸும் அவங்க கைக்கு வந்திருந்துச்சு. ஜெர்மனியில முழுசாச் செஞ்ச காரை இங்கிலாந்துல லோட்டஸ் இருக்கிற ஹெத்தலுக்கு அனுப்பி, அங்க பிரிச்சு மேஞ்சாங்க.

3 லிட்டர் எஞ்சினை 3.6 ஆக்கி, ரெண்டு டர்போ வெச்சாங்க. 377 குதிரைத்திறன், 568 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்குற கியர்பாக்ஸ் வீட்டுல இல்ல. அமெரிக்காவோட கார்வெட் இசட்ஆர்-1ல இருந்து 6 ஸ்பீடு மேனுவல் வந்துச்சு. டிஃபரென்ஷியல் ஆஸ்திரேலியாவோட ஹோல்டன் வி8 கார்லருந்து. பிரேக் ஏ.பி. ரேசிங். என் நண்பன் மாதிரி இல்ல, இவங்க எதையும் விட்டுவைக்கல. டாப் ஸ்பீடு சுமார் 283 கி.மீ.!

பிரச்சினை கார்ல இல்ல, ரோட்டுல. ஜெர்மனியில ஆட்டோபானோட பல பகுதிகள்ல வேக வரம்பே கிடையாது. பிரிட்டன்ல மோட்டார்வேயில வரம்பு மணிக்கு 70 மைல், சுமார் 112 கி.மீ. ஜெர்மன் கம்பெனிகள் தாங்களாவே 250-ல நிறுத்திக்கிட்ட காலத்துல, இந்தக் கார் கட்டுப்பாடு எதுவும் இல்லாம வந்துச்சு. நாலு பேர் போற கார் எதுக்கு இவ்வளவு வேகம் போகணும், தடை பண்ணுங்கன்னு பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதினாங்க. 1993 கடைசியில அது வேற மாதிரி உண்மையாச்சு. '40 ஆர்.ஏ.'ங்கிற நம்பர் பிளேட்டோட ஒரு கார்ல்டன் திருடுபோச்சு. திருடினவங்க அதை வெச்சே ராத்திரியில கடைகளை உடைச்சுக் கொள்ளையடிச்சாங்க. போலீஸ் கார்களால துரத்திப் பிடிக்க முடியல. கும்பல் சிக்கவே இல்ல.

1,100 கார் செய்யத் திட்டம் போட்டாங்க. 1992-ல 950-ஓட நின்னுபோச்சு.

சரி, எது பெஸ்ட்?

சீட்டு விளையாட்டுல கார்ல்டன் மத்த ரெண்டையும் அடிச்சிடும். நூறு கி.மீ. வேகத்தைத் தொட அதுக்கு ஐந்தரை செகண்டுக்கும் குறைவு. 500ஈ-க்கு சுமார் ஆறு. எம்5-க்கு சுமார் ஆறரை. மேனுவல் கியர், உச்சத்துல பாடற எஞ்சின், இதுதான் கார்னு நினைக்கிறவங்களுக்கு எம்5. அவங்ககிட்ட நான் சண்டை போடமாட்டேன்.

ஆனா ஒரே பேர் கேட்டீங்க. என் பதில் 500ஈ.

ஏன்னா ஒரு கணக்கு இருக்கு. வேகம் ரெண்டு மடங்கானா, காரை நிறுத்தப் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. 125-ல போற காரை நிறுத்துறதுக்கும் 250-ல போற காரை நிறுத்துறதுக்கும் இருக்கிற வித்தியாசம் அது. 500ஈ-யைச் செஞ்சவங்க இந்தக் கணக்குலருந்து ஆரம்பிச்ச மாதிரி எனக்குத் தெரியுது. அகலமான டயருக்காக பாடியை மாத்தினாங்க, பாடிக்காக ஒரு தொழிற்சாலையையே சுத்திட்டு வந்தாங்க, கடைசியில ஒரு வேகத்துல நிறுத்திக்கிட்டாங்க. அந்தக் காருக்கான ரோடும் அவங்க ஊர்லயே இருந்துச்சு. கார்ல்டன் இன்ஜினியரிங்ல எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல. ஆனா பிரிட்டன்ல அதோட முழு வேகத்தையும் பயன்படுத்திப் பார்த்தது திருடங்கதான்.

குறை இல்லாமலும் இல்ல. கனமான கார், பெட்ரோலைக் குடிக்கும், கிளட்ச் பெடலே கிடையாது. உங்க லிஸ்ட்ல வேற பேர் இருந்தா எழுதுங்க. ஆனா டாப் ஸ்பீடை மட்டும் எழுதி அனுப்பாதீங்க. எஞ்சின் தவிர என்ன மாத்தினாங்கன்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க.

என் நண்பனைப் பத்திச் சொல்லி முடிச்சுக்கிறேன். ஊருக்கு வந்ததும் ரீமேப்பை எடுத்துட்டு பழைய செட்டிங்குக்கே போயிட்டான். பிரேக் பேடு, பிரேக் ஆயில், நாலு டயர் மாத்தினான். ரீமேப்புக்குக் கொடுத்ததை விட செலவு ஜாஸ்தி. "இப்ப ஸ்லோ ஆயிடுச்சேடா"ன்னு கிண்டல் பண்ணேன். "பரவாயில்ல, அடுத்த மாசம் ஏற்காடு போலாம்"னான்.

போனோம். இந்தத் தடவை இறங்கும்போது ரேடியோ கேட்டுச்சு.

சீட் பெல்ட் போடுங்க. பின்னாடி உட்கார்றவங்களும்தான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.