நாணயப் பெட்டியும் காணி உறுதியும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயம். நெஞ்சிற் குடியிருக்கும் நேர்மையும் நாணயம். முன்னது கைமாறுவதற்கென்றே பிறந்தது. பின்னது எந்நாளும் கைமாறலாகாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் இதை எளிதாகச் சொல்லிவந்தேன். இரண்டு நாணயங்களும் என் வீட்டு மேசைமீதே எதிரெதிராக வந்து அமர்ந்தபோதுதான், சொல்வது எளிது, நிற்பது அரிது என்று விளங்கிற்று.

என் தந்தையார் திரட்டிவைத்த பழங்காசுத் தொகுதியை விற்பதா, வைத்திருப்பதா? இதுவே வழக்கு. வாதியும் நானே, பிரதிவாதியும் நானே, நீதிபதியும் நானே என்றால், வழக்கு எவ்வளவு இழுபறியாக நடந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் பட்டிப்பொல. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது இங்குள்ள நிலையமே. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1890 மீட்டர். நானுஓயாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் வண்டி இவ்விடத்தில் மூச்சு வாங்கி நின்று, சற்றப்பால் பாதையின் உச்சியைத் தொட்டு, சுரங்கத்தினுள் நுழைந்து ஒகியப் பக்கமாக இறங்கும். தை மாதத்து விடியலில் புல் நுனியெல்லாம் உறைபனி பூத்திருக்கும். அந்தக் குளிரில் வண்டியை விட்டு இறங்குவோர் முதலில் தேடுவது ஒரு குவளைத் தேநீர். 1940களின் பிற்பகுதியில் தந்தையார் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு தேநீர்க் கடை வைத்தார். அந்தக் கடையின் கல்லாப் பெட்டியிற் பிறந்ததுதான் எங்கள் தொகுதி.

தோட்டத் தொழிலாளர், பாதை வேலையாட்கள், மரக்கறி வியாபாரிகள், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் துரைமார் என்று பலரும் அக்கடைக்கு வந்தனர். அவர்கள் கொடுத்த சில்லறையில் வழக்கத்துக்கு மாறான ஒரு காசைக் கண்டால், தந்தையார் அதைத் தனியே எடுத்துவைத்து, தம் கைக்காசைக் கல்லாவில் இட்டுக் கணக்கை நேர் செய்வார். அவர் மூன்றாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். ஆயினும் எந்தக் காசு எவரிடமிருந்து வந்தது என்று கேட்டால் ஆளையும் பருவத்தையும் சொல்வார். நான் அதைக் கேட்டு மகிழ்ந்தேனே அன்றி எழுதிவைக்கவில்லை. அந்தப் பிழையின் விலை பின்னாளில் தெரிந்தது.

இனி வழக்கின் மறுபக்கம். என் மகனுக்கு நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை, வாடகை வீடு. சென்ற ஆண்டு வெலிமடைப் பாதையோரம் பத்துப் பேர்ச் காணி விலைக்கு வந்தது. சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு தேறின; எஞ்சியதற்கு வழியில்லை. என் பாட்டனார் இம்மலையில் கால் வைத்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் எவர் பெயரிலும் ஒரு சாண் மண் எழுதப்பட்டதில்லை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். கடையிருந்த இடம் பிறருக்குச் சொந்தம். மலையகத் தமிழர் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்தமை 2023ஆம் ஆண்டில் பல ஊர்களிலும் நினைவுகூரப்பட்டது. அன்று மேடைகளில் மிகுதியாக ஒலித்த சொல் காணி என்பதே.

மகன் ஒரு மாலை பெட்டியைப் பார்த்தவாறு சொன்னான்: “அப்பா, இந்தப் பெட்டிக்குள் ராணியும் ராஜாவும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நமக்குத்தான் தூங்கச் சொந்தமாக ஓர் இடம் இல்லை.”

என்னிடம் மறுமொழி இல்லை. மனைவி மட்டும், “தாத்தா வைத்த பொருள். அவசரப்படாதே” என்றாள். இருவர் சொன்னதும் நியாயமே. இரண்டு நியாயங்களுக்கு நடுவே அகப்பட்டவன் பாடு பெரும்பாடு அன்றோ?

முடிவெடுக்குமுன் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதையேனும் அறிவோம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தொரு வெள்ளி ரூபாக்கள். 1870ஆம் ஆண்டுப் பனைமரம் பொறித்த செப்புச் சதங்கள். 1909இல் தொடங்கிய, சிங்களமும் தமிழும் பொறித்த சதுர ஐந்து சதங்கள். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு இரண்டு. கோப்பிக் காலத்துப் பித்தளை வில்லைகள் மூன்று. அடியில், ஒரு துணி முடிச்சுக்குள், துளையிட்ட ஒரு தகர வில்லை.

வெள்ளி ரூபாக்கள் அனைத்தும் இந்திய ரூபாக்கள். இது பலருக்கு வியப்பளிக்கலாம். 1872இல் ரூபாவும் சதமும் இந்நாட்டின் கணக்காயின. 1892 முதல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகளும் வந்தன. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் முழுவதும் இலங்கைக்கென ஒரு ரூபாக் காசு அச்சிடப்படவில்லை. இந்திய ரூபாவே இங்கும் ரூபா. முதல் இலங்கை ரூபாக் காசு புத்த ஜயந்தியை ஒட்டி 1957ஆம் ஆண்டு பொறித்து வெளிவந்தது. ஆகவே ஒரு தலைமுறைக்கு மேல், திருச்சிச் சந்தையிற் புழங்கிய அதே வெள்ளிதான் எங்கள் மலையிலும் சம்பள நாளிற் புழங்கிற்று. மனிதர் கடல் கடந்து அந்நியராயினர். காசு இரு கரையிலும் உள்ளூர்க் காசாகவே இருந்தது.

அந்த ரூபா ஒரு தோலா நிறை, ஏறத்தாழ 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. அதன் அருமையை அறிய வேறொரு கணக்கும் உண்டு. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி வரையறுக்கப்பட்டது: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரு பெண் ஒரு வெள்ளி ரூபாவைக் காண இரண்டு நாளுக்கு மேல் கூடை சுமக்க வேண்டும். பெட்டியிலுள்ள நாற்பத்தொரு ரூபாவும் அந்தக் கணக்கில் ஒரு பெண்ணின் தொண்ணூற்றைந்து நாள் உழைப்பு. இதை எழுதியபின் அவற்றை வெறும் உலோகமாக என்னால் எண்ண முடியவில்லை.

அவற்றுள் இரண்டைத் தந்தையார் தனித்தனித் தாளிற் சுற்றிவைத்திருந்தார். ஒன்று 1911ஆம் ஆண்டு ரூபா. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை, துதிக்கை குறுகிப் பன்றி போலத் தோன்றியதால் மக்கள் மனம் புண்பட, அக்காசு மீளப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு திருத்திய யானை வந்தது. ஆகவே பன்றி ரூபா என்று பெயர் பெற்ற அக்காசைத் தொகுப்போர் விரும்பித் தேடுவர். மற்றொன்று 1939ஆம் ஆண்டு ரூபா. 1940இல் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் வந்த இந்த ஆண்டுக் காசு மிக அரியது. “இது ஒன்றே ஒரு வீட்டுக்குச் சமம்” என்று தந்தையார் சொல்லியிருந்தார்.

தொகுதிகள் விற்கப்பட்ட வரலாறுகளையும் தேடிப் படித்தேன். எகிப்து மன்னர் பாரூக் 1952இல் அரியணை இழந்தபின், அவர் குவித்த நாணயங்கள் 1954இல் கைரோவில் ஏலம் போயின. பல காசுகளை ஒரே கட்டாகக் கட்டி விற்றனர். அதிலிருந்து விலக்கப்பட்ட 1933ஆம் ஆண்டு அமெரிக்கப் பொற்காசு ஒன்று மறைந்து, பல்லாண்டின் பின் வெளிப்பட்டு, 2002இல் நியூயார்க்கில் 75 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஒரு காசு புகழடைந்தது. தொகுதி காற்றோடு போயிற்று.

தமிழ்நாட்டிலோ வேறொரு காட்சி. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகை போன்ற இடங்களிற் கிடைத்த செப்புக் காசுகள் வியாபாரிகளிடம் சென்றுகொண்டிருந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அத்தகைய காசுகளை வாங்கித் தூய்மை செய்து, பொறிப்பைப் படித்து, நூலாக்கினார். 1980களில் அவர் வெளியிட்ட பெருவழுதி நாணயம், சங்கப் பாண்டியரின் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கி நின்றது. நம் நாட்டில் கொட்ரிங்டன் என்னும் அரசாங்க அதிகாரி எழுதி, 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட நூல் இன்றும் இலங்கைக் காசுகளுக்கு வழிகாட்டி. காசு எவர் கைக்குப் போனாலும், எழுதிவைத்த செய்தி போவதில்லை என்பதை இவர்கள் உழைப்பு உணர்த்திற்று.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஆண்டு, நிறை, தேய்மானம், பொறிப்பு. தந்தையார் சொல்லியவற்றுள் என் நினைவிலும் மனைவியின் நினைவிலும் எஞ்சியவை. மூன்று மாதம் ஆயிற்று. எழுதி முடிந்தபோது என் கண்ணுக்குத் தொகுதி இரண்டாகப் பிரிந்து நின்றது. வெள்ளி ரூபாக்களைப் போன்றவை உலகில் ஆயிரமாயிரம் உண்டு. எங்கள் பெட்டியிலிருந்து போனால் வரலாற்றுக்கு இழப்பில்லை. ஆனால் சில பொருள்கள் எங்கள் கையிலிருந்து போனால், அவை சொல்லும் செய்தி எங்குமே இல்லாமற் போகும்.

அந்தச் செய்தியைத் தாங்கியது துணி முடிச்சிலிருந்த தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து அனுப்பும்போது, எழுத்தும் எண்ணும் பொறித்த இத்தகைய வில்லையைக் கயிற்றிற் கோத்து ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டினர். அவ்வெண்ணே அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைச் சொல்லும். பயணச்சீட்டும் அதுவே, முகவரியும் அதுவே. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பெரும்பாலும் கடனாகத் தொழிலாளியின் தலைமீதே வந்து விழுந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின், என் பாட்டனார் பதினாறு வயதில் அந்த வழியாக வந்தார். அவர் கழுத்தில் தொங்கியது இந்த வில்லை. எங்கள் குடும்பத்துக்கென இந்நாடு கொடுத்த முதல் பத்திரம் இதுதான்.

கொப்பியோடும் பெட்டியோடும் கொழும்புக்குப் போனேன். அங்கே பழங்காசு வியாபாரி ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். ஒல்லாந்தர் காசுகளை முதலிலேயே ஒதுக்கினார். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை சட்டப்படி தொல்பொருள் என்றும், அனுமதிப்பத்திரமின்றி நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாதவை என்றும் விளக்கினார். பன்றி ரூபாவை மெச்சினார். 1939ஆம் ஆண்டுக் காசை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் நெடுநேரம் வைத்திருந்தார்.

“மாஸ்டர், வெள்ளி நல்ல வெள்ளிதான். ஆனால் இது 1938. கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியிருக்கிறார்கள்.”

கண்ணாடியில் நானும் பார்த்தேன். ஒன்பதின் வால் அருகே உளியின் கீறல் தெரிந்தது. தந்தையாரின் ஒரு வீடு அந்தக் கீறலில் இடிந்து விழுந்தது.

அப்போது அவர் தகர வில்லையை எடுத்துப் புரட்டி, எதிர்பாராத ஒரு தொகை சொன்னார். தோட்டத்து வில்லைகளைத் தேடி வாங்குவோர் வெளிநாடுகளில் இருக்கிறார்களாம். அத்தொகை வெள்ளியின் விலையோடு சேர்ந்தால் காணிக்குக் குறைந்த பணம் முழுவதும் நிரம்பிவிடும். நான் உடனே மறுத்தேன் என்று எழுதினால் அது பொய். ஒரு தேநீர் குடித்து முடியும் வரை மறுக்கவில்லை. பாட்டனார் பிழைக்கத்தானே வந்தார், பேரன் மண் வாங்க அவர் வில்லை உதவினால் குற்றமா என்றும் எண்ணினேன். மறுகணமே வேறோர் எண்ணம் தோன்றிற்று. அவரைக் கணக்கில் எழுத ஒருமுறை அந்தத் தகரம் போதுமானதாயிற்று. மறுமுறையும் அதற்கு விலை சொல்ல நான் ஒப்பலாமா?

வெள்ளி ரூபாக்களை விற்றேன்; பன்றி ரூபாவையும் விற்றேன். செதுக்கிய ஒன்பதை விற்கவில்லை. ஊர் திரும்பியபின், 1939ஐத் தேடிக்கொண்டிருந்த பழைய நண்பர் ஒருவர் நல்ல விலை தர முன்வந்தார். உருப்பெருக்குக் கண்ணாடியை அவர் கையிற் கொடுத்து, ஒன்பதின் வாலைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். வகுப்பறையிற் சொன்ன இரண்டாவது நாணயத்துக்கு என்னால் கொடுக்க முடிந்த விலை அவ்வளவே.

குறைந்த பணத்துக்கு மகன் மேலும் ஒரு கடன் எடுத்தான். அவனுக்குச் சற்று வருத்தந்தான், மறைக்கவில்லை. “தகரத்துக்காக ஐந்து வருடக் கடன், அப்பா” என்றான். “ஆம்” என்றேன். அதற்கு மேல் வாதிட எனக்கு உரிமையில்லை; கடனைக் கட்டப்போகிறவன் அவன்.

பழைய பொருளை வைத்திருக்கும் நேயர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். விற்பது பாவமன்று, வறுமையோடு காத்திருப்பது புண்ணியமுமன்று. ஆனால் விற்குமுன் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது, எவர் கொடுத்தார், வீட்டில் அதைப்பற்றி என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள். எழுதும்போதே எதை விடலாம், எதை விடலாகாது என்பது தானாகத் தெளியும். என் தந்தையார் உயிரோடிருந்தபோது அக்கொப்பியைத் தொடங்கியிருந்தால், பித்தளை வில்லைகள் மூன்றும் எவர் கைவழி வந்தன என்பது இன்று தெரிந்திருக்கும். இப்போது அவை ஊமையாக இருக்கின்றன.

சென்ற மாதம் காணி உறுதி கைக்கு வந்தது. அதை எங்கே பத்திரப்படுத்துவது என்று மகன் கேட்டான். வெள்ளி போனபின் பெட்டியில் இடம் நிறைய இருந்தது. உறுதியை மடித்து வைத்தான். பின்பு, நான் சொல்லாமலே, துணி முடிச்சை அவிழ்த்து, வில்லையின் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, உறுதியின்மேல் வைத்துப் பெட்டியை மூடினான்.