திருவுருவங்களைக் காணுமாறு

செப்புத் திருமேனிகளையும் கற்படிமங்களையும் கண்டு அவற்றின் பொருளும் சிறப்பும் உரைக்கப் புகுவாருள், நூலிற் கற்ற பொருளையே வடிவின்மேல் ஏற்றிக் கூறி அமைவார் ஒரு சாரார். பொருளறியாது அழகொன்றனையே பாராட்டி அமைவார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் வடிவினை முற்றக் கண்டாரல்லர். முற்றக் காணுமாறு யாது என்பதனைக் கூத்தப்பெருமான் திருவுருவத்தின்கண் வைத்து ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

பல்லாண்டுகட்கு முன்னர் மாணாக்கர் சிலரைச் சென்னை எழும்பூர் அரும்பொருட்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றேன். ஆங்குள்ள திருவாலங்காட்டு நடராசத் திருமேனியின் முன்னின்று, உண்மை விளக்கத்திற் கண்டவாறு துடி முதலாகப் பொருள் விரித்து, திருவாசி ஓங்காரமாம் என்று முடித்தேன். அப்பொழுது இளைஞன் ஒருவன் தாழ்ந்த குரலில், “ஐயா, இத்திருமேனிக்குத் திருவாசி இல்லையே” என்றான். நோக்கினேன், இல்லை. நெஞ்சிலிருந்த பாட்டே என் கண்ணை மறைத்தது. அன்று யான் எய்திய நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

நம் ஆசிரியர் அறிவுக்குக் கருவியாக வகுத்த அளவைகளுட் சிறந்தன காண்டல், கருதல், உரை என்னும் மூன்றாம். திருவுருவ ஆராய்ச்சிக்கும் இவை மூன்றுமே வேண்டப்படும். இம்முறையே தொடங்குதலும் நன்று.

முதற்கண் காண்டல். சிவஞான சித்தியார் அளவையிலே, ஒரு பொருளைப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் வேறுபடுத்து அறிவதே விகற்பக் காட்சி எனப்படும். நாமோ பெரும்பாலும் ‘இவர் நடராசர்’ எனப் பெயரளவில் நின்றுவிடுகின்றோம். குணமும் கன்மமும் எஞ்சி நிற்கின்றன. உடலின் பாரம் எந்தத் தாளின்மேல் நிற்கின்றது? முழந்தாள் எவ்வளவு வளைந்துள்ளது? கைகளும் எடுத்த தாளும் சுழற்சி காட்ட, திருமுகம் எங்ஙனம் அசைவின்றி நிற்கின்றது? இவற்றை வினாவிய பின்னரே வாய் திறத்தல் வேண்டும். மதுரை வெள்ளியம்பலத்திற் பெருமான் வலத்தாளை எடுத்து இடத்தாளை ஊன்றி ஆடுகின்றார். ‘எடுத்தது இடத்தாள்’ என்று மனப்பாடமாகச் சொல்வார் ஆங்குப் பிழைபடுவர் என்பது வெளிப்படை.

அடுத்தது கருதல். புகை கண்டு தீயுண்மை உணருமாறு போல, பீடத்தின் இருமருங்கும் உள்ள பொருத்துவாய் கண்டு திருவாசி இருந்து நீங்கினமையும், அடிப்பீடத்துத் துளைகள் கண்டு தண்டு செருகித் திருவுலாவில் எழுந்தருளச் செய்தமையும் கருதியுணரலாம். ‘திருவாசி இல்லை’ என்று கண்டபின், ‘முன்னர் இருந்ததோ’ என ஆராய்தல் முறை. காணாமலே ‘உண்டு’ எனல் முறையன்று.

மூன்றாவது உரை. ஐந்தொழிலும் கூத்தினுள் அடங்கும் என்பது திருமந்திரத்தானும் பெறப்படும். திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கமோ அதனை இருவகையால் விளக்குகின்றது. ஐந்தொழில் கூறுமிடத்து, துடியிற் படைப்பும், அமைந்த கையிற் காப்பும், தீயில் அழிப்பும், ஊன்றிய தாளில் மறைப்பும், எடுத்த தாளில் அருளும் வைக்கப்பட்டன. திருவைந்தெழுத்துக் கூறுமிடத்து, துடி சிகரமாகவும், வீசிய கை வகரமாகவும், அபயகரம் யகரமாகவும், தீ நகரமாகவும், முயலகன் மகரமாகவும் கொள்ளப்பட்டன. ஒரு துடியே ஓரிடத்துப் படைப்பும் மற்றோரிடத்துச் சிகரமுமாம். ஆகவே ஓர் உறுப்புக்கு ஒரே பொருள் என்று அறைதல் பொருந்தாது.

இன்னும் ஒன்று நோக்குக. முன்னைய வகையில் வீசிய கைக்குத் தொழில் கூறப்பட்டிலது. பின்னைய வகையில் எடுத்த தாளுக்கு எழுத்துக் கூறப்பட்டிலது. அத்தாளில் வைக்கப்பட்டது அருள். அக்கையின் வகரம் குறிப்பதும் அருளே. இனி வடிவத்தை நோக்கின், வீசிய கை மார்பின் குறுக்கே நீண்டு, விரல்கள் தாழ்ந்து, அவ்வெடுத்த தாளையே சுட்டி நிற்கின்றது. இரு வகையும் தனித்தனி விளக்கிய அருளினைச் சிற்பி ஒரு கோட்டால் இணைத்துக் காட்டினான். இஃது ஏட்டை மட்டும் பார்த்தார்க்கும் புலனாகாது. செம்பை மட்டும் பார்த்தார்க்கும் புலனாகாது.

பிரான்சு நாட்டுப் பெருஞ்சிற்பியாகிய ரோடின் என்பார், சென்னையிலுள்ள நடராசத் திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1921-இல் வெளிவந்தது. அவர் நம் சாத்திரம் கற்றவரல்லர். தொழில் தேர்ந்த கண்ணுடையார். அதனால் உறுப்புத்தோறும் ஒளியும் நிழலும் இயங்குமாற்றை நின்று கண்டார். ஆனந்த குமாரசாமி அவர்கள் 1912-இல் ‘சித்தாந்த தீபிகை’யில் வெளியிட்ட கட்டுரையோ, திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நூல்களின் துணைகொண்டு கூத்தின் பொருளை உலகறியச் செய்தது. ஒருவர் கண்ணும் மற்றவர் கல்வியும் ஒருங்கு கூடுதலே நாம் வேண்டுவது.

இனி, ‘இறைவன் திருவுருவிற் குணங்குற்றம் ஆராய்தல் பிழையன்றோ’ என்பார் உளர். அவர் அச்சம் அன்பின்பாற்பட்டதாகலின் இகழற்பாலதன்று. எனினும் ஆராயப்படுவது சிற்பியின் தொழிலேயன்றி இறைவனல்லன். துடியும் தீயும் முயலகனும் பெரும்பாலான நடராச வடிவங்களில் உண்டு. கால் மரம்போல் விறைத்து ஆடலே தோன்றாத வடிவத்தும் அவை குறைவின்றி உண்டு. பொருளுரை இரண்டிற்கும் ஒன்றே. சிறந்ததனையும் தாழ்ந்ததனையும் வேறுபடுத்துவது அப்பொருள் உடலில் இறங்கி ஆடலாய் நிகழ்ந்ததோ இல்லையோ என்பதே. அதனை அறிவிக்கவல்லது காண்டலொன்றே.

ஆயினும் ஆராய்ச்சிக்கு எல்லையுண்டு. திருக்கோயிலை அரன் எனவே தொழுமாறு சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. ஆகலின் சந்நிதியில் அளவுகோல் எடுத்தல் ஆகாது. ஆங்குச் சிறந்த வடிவும் தாழ்ந்த வடிவும் ஒருபடித்தாகத் தொழத்தக்கனவே. ஆராய்ச்சி காட்சிச் சாலையிலும் ஏட்டின் முன்னும் நிகழ்க. அங்ஙனம் பழகிய கண் கோயிலுட் புகும்போது, தொழும் நெஞ்சுக்கு இடையூறாகாது. இத்தனை நாளும் காணாது தொழுதவற்றைக் கண்டு தொழ உதவும். அன்று ‘இல்லையே’ என்ற அவ்விளைஞனுக்கு யான் இன்றும் கடப்பாடுடையேன்.

திருச்சிற்றம்பலம்.