பம்பலப்பிட்டியில் ஒரு கல்விச் சோலை

பெண்பிள்ளை பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடும் வழக்கம் நம் சமுதாயத்தில் வலுவாக இருந்த காலம். இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே, 1946இல், சேர் ராஸிக் பரீத் அவர்களின் அரும்முயற்சியால் கொழும்பு பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உதயமாயிற்று. முதல் அதிபர், கேரளத்தில் பிறந்து மணமாகி இலங்கை வந்த பட்டதாரி ஆயிஷா ரவூப். 1970 வரை அப்பொறுப்பிலிருந்த அவர், கொழும்பு மாநகரின் பிரதி மேயராகவும் பணியாற்றினார். ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?’ என்று கேட்டோர் அதன்பின் சற்றுத் தயங்கியிருப்பர்!

இப்போது பெற்றோரின் கவலை வேறு. வெளியிலிருந்து ஆறாம் தரத்தில் சேர விரும்பும் பிள்ளை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இக்கல்லூரிக்குரிய வெட்டுப்புள்ளியை எட்ட வேண்டும். அது ஆண்டுதோறும் மாறும், மொழிமூலத்துக்கேற்பவும் வேறுபடும். சென்ற ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

தூரத்து ஊர்ப் பெற்றோர் மற்றொன்றையும் முன்னரே தீர்மானித்துக்கொள்வது நலம். பத்து வயதுச் சிறுமி கொழும்பில் எவர் பொறுப்பில் தங்குவாள்? புள்ளி கிடைத்தும் தங்குமிடம் அமையாமல் வாய்ப்பை நழுவவிடும் வீடுகள் உண்டு. பாடசாலைத் தெரிவைக் குறிக்குமுன் மாமி, சாச்சி வீடுகளில் கலந்து பேசுங்கள். மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.